தொண்டின் ஊதியம்

சுவிட்சர்லாந்தின் வடகிழக்கு மூலையில் ஹைடன் என்னும் மலையூர் இருக்கிறது. அவ்வூர் மருத்துவமனையின் ஓர் அறையில் 1892 முதல் பதினெட்டு ஆண்டுகள் ஒரு முதியவர் தங்கியிருந்தார். கடன் கொடுத்தோர் தேடி வந்துவிடுவரோ என்னும் அச்சம் அவரை விட்டு அகலவேயில்லை. அவர்தாம் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த ஹென்றி டுனான்ட். துன்புற்றோர்க்குக் கைகொடுத்தவருக்கு உலகம் அளித்த ஊதியம் இதுதானா?

1859 ஜூன் 24 அன்று இத்தாலியின் சோல்பெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. அல்ஜீரியாவில் தாம் தொடங்கியிருந்த தொழிலுக்காக மூன்றாம் நெப்போலியனைக் காணச் சென்றிருந்த டுனான்ட், காயம்பட்ட ஆயிரக்கணக்கானோர் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டார். வந்த காரியத்தை ஒதுக்கிவிட்டு, காஸ்டிலியோன் நகரப் பெண்களோடு சேர்ந்து, நண்பன், பகைவன் என்று பாராமல் தண்ணீர் தந்தார்; புண்களுக்குக் கட்டுப் போட்டார். 1862-இல் தம் செலவில் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவை உலுக்கிற்று. 1863-இல் ஐவர் குழு அமைந்தது. 1864-இல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது.

ஆனால் கவனிப்பாரற்ற அவரது தொழில் சரிந்தது. 1867-இல் அவர் நொடித்துப் போனார். அவர் கண்ட குழுவே அவரை விலக்கியது. பிறந்த ஊராகிய ஜெனீவாவுக்கு அவர் பிறகு திரும்பவேயில்லை. 1901-இல் சமாதானத்துக்கான முதல் நோபல் பரிசு, பிரெடரிக் பாசியோடு சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. அப்பணத்தைத் தமக்கென அவர் செலவிடவில்லை. ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளிக்கு ஓர் இலவசப் படுக்கை என்று எழுதி வைத்துவிட்டு, 1910-இல் கண்மூடினார்.

அவர் ஏற்றிய விளக்கு பல நாடுகளுக்கும் பரவிற்று. 1876-இல் துருக்கியப் பேரரசு சிலுவைக்குப் பதிலாகச் செம்பிறையைத் தன் சின்னமாகக் கொண்டது. 1912-இல் பால்கன் போர் மூண்டபோது, டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி தலைமையில் இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு துருக்கிக்குப் புறப்பட்டது. அன்சாரி தம் மருத்துவத் தொழிலை விட்டுச் சென்றார். அலிகர் மாணவர் சிலர் படிப்பை நிறுத்திவிட்டு உடன் சென்றனர்.

பொருளிழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். அதனினும் கொடிய விலை ஒன்று உண்டு, அது மௌனம். சிறைகளுக்குள் சென்று கைதிகளைக் காணும் செஞ்சிலுவைத் தூதர், தாம் கண்டதை ஊரறியச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் கதவு அடைபடும். யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி ஜெனீவாவுக்கு எட்டியிருந்தும், 1942 அக்டோபர் 14 அன்று கூடிய சர்வதேசக் குழு வெளிப்படையாகக் கண்டன அறிக்கை விடுவதில்லை என்று முடிவு செய்தது. அந்த மௌனம் பெருந்தவறு என்று பிற்காலத்தில் அச்சங்கமே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் பேசிவிடலாமே என்போம். பயாப்ராப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரெஞ்சு மருத்துவர் சிலர் அப்படித்தான் எண்ணினர். 1971-இல் உருவான 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பில் அவர்களும் இருந்தனர். 1985-இல் எத்தியோப்பிய அரசு பஞ்சத்தில் வாடிய மக்களை வலுக்கட்டாயமாக இடம் பெயர்த்ததை அவ்வமைப்பு கண்டித்தது. உடனே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. உண்மை உரைக்கப்பட்டது, ஆனால் முகாமிலிருந்த குழந்தை தன் மருத்துவரை இழந்தது. பேசினாலும் பழி, பேசாவிடினும் பழி! இந்த இக்கட்டுக்கு எந்த உடன்படிக்கையும் விடை தரவில்லை.

உயிருக்கும் காவலில்லை. 1996 டிசம்பரில் செச்னியாவின் நோவி அதாகியில் செஞ்சிலுவைப் பணியாளர் அறுவர் உறக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் மருத்துவமனைமீது அமெரிக்க விமானம் குண்டு பொழிந்ததில் 42 பேர் மாண்டனர்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பதுதான் என்ன? முதல் உலகப்போரின்போது ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான ஒரு நிலையம் இயங்கிற்று. காணாமற்போனோரைத் தேடி அங்கே எழுதி அடுக்கப்பட்ட அட்டைகள் சுமார் 70 இலட்சம். எழுதியவருள் பலர் ஊதியம் பெறாத தொண்டர். "உங்கள் மகன் உயிருடன் இருக்கிறான்" என்ற செய்தி எங்கோ ஒரு வீட்டை அடைந்தபோது, அத்தாயின் முகத்தை அவர்கள் கண்டதில்லை. காணாத அந்த முகமே அவர்கள் பெற்ற கூலி.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இத்தகைய பணிக்குச் செல்ல விரும்பினால், நாம் தடுக்கவும் வேண்டாம். புகழ்ந்து மயக்கவும் வேண்டாம். வரவையும் செலவையும் ஒளிக்காமல் எடுத்துக் காட்டுவோம். ஹைடன் அறையின் தனிமையையும் சொல்வோம். அம்முதியவர் ஏழைக்கென விட்டுச்சென்ற படுக்கையையும் சொல்வோம். இரண்டையும் அறிந்த பின்னும் புறப்படுகிறவரே அப்பணிக்கு உரியவர்.