மனித அணுக்களைச் சுமக்கும் சுண்டெலி



எலியின் உடம்பில் மனித வெள்ளை அணுக்கள் ஓடுகின்றன என்ற செய்தியை அனுப்பி, "இது உண்மையா சார்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1980களில் எய்ட்ஸ் பரவியபோது ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய சிக்கல். எச்.ஐ.வி. கிருமி சாதாரண எலியைத் தொற்றாது. மருந்தை எதில் சோதிப்பது?

அதற்கான எலி ஏற்கெனவே கிடைத்திருந்தது, வேறொரு வேலையின் நடுவே. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் ஆய்வு மையத்தில் மெல்வின் போஸ்மாவும் கேல் போஸ்மாவும் எலிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, சிலவற்றில் எதிர்ப்புப் புரதமே காணோம். வேண்டாத எலி என்று ஒதுக்கிவிடாமல் அவற்றை இனப்பெருக்கம் செய்து பார்த்தார்கள். குறை பரம்பரையாகத் தொடர்ந்தது. 1983இல் வெளியிட்டார்கள். 'ஸ்கிட்' எலி என்று பெயர். டெக்ஸாஸில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து, 1984இல் 12 வயதில் இறந்த டேவிட் வெட்டர் என்ற பையனுக்கு இருந்ததும் இதே வகை நோய்தான். அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்தால் மனம் தாங்காது.

எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு காவல்காரன் இல்லாத வீடு. யார் வந்தாலும் தடுக்க ஆள் இல்லை. 1988இல் மக்கியூன் என்பவரின் குழு, மனிதக் கருவின் தைமஸ் துண்டை இந்த எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தது. கருவின் கல்லீரல் செல்களையும் செலுத்தியது. எலிக்குள் மனித 'டி' செல்கள் உருவாயின! 1990இல் ஏ.இசட்.டி. மருந்து எச்.ஐ.வி.யை அடக்குவதை இந்த எலிகளிலேயே காட்டினார்கள்.

அந்தத் திசு கருக்கலைப்பில் கிடைத்தது. அதனால் எதிர்ப்பும் ஓயவில்லை. 2019இல் அமெரிக்க அரசு தன் சொந்த ஆய்வுக்கூடங்களில் கருத்திசு ஆய்வை நிறுத்தியது. 2021இல் அந்தத் தடை நீங்கியது. எதிர்த்தவர்களை மூடர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எய்ட்ஸில் செத்துக்கொண்டிருந்தவர்களும் மனிதர்கள்தானே?

தொப்புள்கொடி இரத்தத்தின் மூலச் செல்களைக் கொண்டும் இப்போது செய்கிறார்கள். அதில் ஒரு குறை. 'டி' செல்லுக்குப் பள்ளிக்கூடம் தைமஸ். மனிதத் தைமஸ் வைக்காத எலியில், மனித அணு எலியின் பள்ளிக்கூடத்தில்தான் பாடம் படிக்கிறது. நம் உடம்பின் அடையாளங்களை அது சரியாகக் கற்பதில்லை.