அம்மாவின் ஓட்டைக் காலணாச் சரம்

போன மாதம் என் பேத்தி தையல் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பெட்டி நிறையச் சாமான் வரவழைத்தாள். துணியில் கோடு போட ஒரு பேனா, நாடா கோர்க்க ஒரு கம்பி, கழுத்து வட்டம் வரைய ஓர் அச்சு, மாதிரித் தாள் நகராமல் இருக்கச் சின்னச் சின்ன இரும்பு வில்லைகள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"இது அத்தனையும் எங்க அம்மாகிட்ட இருந்துச்சு கண்ணு. ஒண்ணுக்கும் காசு குடுக்கல" என்றேன். "சும்மா சொல்லாதீங்க தாத்தா" என்று சிரித்தாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1958ல் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து தறிக் குழியில் உட்கார முடியாமல் போயிற்று. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஐந்து வயிறு. அம்மா தன் கை வளையலை விற்று, யாரோ பயன்படுத்திய கைமிஷின் ஒன்றை வாங்கினாள். இருந்த காசு அதற்கே சரியாகிவிட்டது. மற்ற சாமானுக்கு அடுப்படியும் தறிக் குழியும்தான் கடை.

துணி சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டால் அதைத் தூக்கிப் போட மாட்டாள். வெயிலில் காயவைத்து ஓரத்தைச் சீவிக்கொள்வாள். சிவப்பு, பச்சைத் துணியில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழும், ஒரு அலசலில் போய்விடும். வெள்ளைத் துணிக்கு நகத்தால் அழுத்திக் கீறிய மடிப்பே கோடு.

கைக்குழந்தைச் சட்டைக்கு உழக்கைக் கவிழ்த்துக் கழுத்து வரைவாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் படி. பிறகு கிலோவும் லிட்டரும் வந்து படியும் உழக்கும் கடையை விட்டுப் போயின. எங்கள் வீட்டில் மட்டும் அவை வெகுகாலம் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தன!

பாவாடைக்கு நாடா கோர்க்க ஊக்கு. நீளமான திரைச்சீலை என்றால் உடைந்த குடையின் கம்பி. குடைத் துணியைத் தைத்துக் கட்டுவதற்காக அதன் நுனியில் ஏற்கெனவே ஒரு காது இருக்கும். நூலை அதில் கட்டி இழுத்தால் போதும். நூல் சுற்றி வைக்கத் தறியில் கழித்த தார்க் குச்சிகள். பித்தானுக்குப் போடும் நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மெழுகுவர்த்தித் துண்டில் ஓர் இழுப்பு. இஸ்திரிப் பெட்டி வாங்கும் வரை, அடி தட்டையான பித்தளைச் சொம்பில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டுத் தேய்த்தாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காலணாச் சரம். இரண்டாம் உலக யுத்தத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், 1943 முதல் 1947 வரை காலணாவை நடுவில் பெரிய ஓட்டை போட்டு அடித்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்து ஓடி, அப்புறம் காலணா செல்லாக்காசாயிற்று. அம்மா ஓர் இருபது காசைக் கெட்டிக் கயிற்றில் கோர்த்து வைத்துக்கொண்டாள். தனிக் காசுக்குக் கனம் கிடையாது. சரமாக இருந்தால் கனமும் உண்டு, கைக்குழி வளைவுக்குத் தக்கபடி வளைந்தும் படுக்கும். நாளிதழில் வெட்டிய மாதிரித் தாள் காற்றில் அசையாது. பேத்தி வாங்கிய இரும்பு வில்லை அப்படி வளையாது.

துணியை வீணாக்காத புத்தியும் அந்த யுத்த காலத்தில் வந்ததுதான். 1943ல் துணிக்குக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. துணிக்கு நின்ற வரிசைகளைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்லுவாள். நைந்த வேட்டியை நாலாக மடித்து, வெட்டு மிச்சத்தை மேலே ஒட்டுப் போட்டு, ஓட்டுத் தையலில் பிள்ளைகளுக்கு விரிப்புத் தைப்பாள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பவர்கள், கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கு எடுப்பார்களாம். பின்னாளில் அதைப் படித்தபோது, அம்மாவுக்கு அக்கா தங்கைகள் ஊர் ஊருக்கு இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று நானும் நம்பிவிட்டேன். அதனால் வந்தது வினை. தீபாவளிக்கு எட்டு நாள். பதினோரு சட்டை பாக்கி. மிஷின் கிறீச்சிட்டது. உதவி செய்வதாக நினைத்து, அம்மா தூங்கிய பிறகு தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை எல்லா ஓட்டையிலும் விட்டேன். ஐப்பசிக் குளிரில் அது உறைந்து, பழைய அழுக்கோடு பிசினாகிவிட்டது. விடிந்ததும் சக்கரம் அசையவில்லை.

அம்மா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மிஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்ப்பதற்கு அடி வாங்கியிருக்கலாம். பிறகு விளக்கிலிருந்த மண்ணெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, கோழி இறகால் ஒவ்வொரு ஓட்டையிலும் தொட்டுத் தொட்டு விட்டாள். பகல் முழுக்க அது ஊறியது. அவள் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சக்கரம் சுற்றிற்று. என்னிடம் நாலணா கொடுத்து, "போய் மிஷின் எண்ணெய் வாங்கிட்டு வா சாமி. இதுக்கு மட்டும் மாத்து கெடையாது" என்றாள். பதினோரு சட்டையும் முதல் நாள் ராத்திரி போய்ச் சேர்ந்தன.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காந்திகிராமம். 1947ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. அந்த ராமச்சந்திரன் 1924ல் சாந்திநிகேதன் மாணவராகக் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்துச் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். வரலாறு வேறு மாதிரி. பாஸ்டன் பட்டறை ஒன்றில் ஏற்கெனவே இருந்த மிஷினைத் திருத்தி, 1851ல் காப்புரிமை வாங்கியவர் சிங்கர். நோக்கம் வியாபாரம். ஆனாலும் காந்தி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் எதற்குச் செய்தாலும், எங்கள் வீட்டில் அந்த மிஷின் ஐந்து வயிற்றை நிரப்பியது.

கதையைக் கேட்டு முடித்ததும், "அந்தச் சரம் எங்க தாத்தா?" என்றாள் பேத்தி. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கயிறு இற்றுவிட்டது. காசு பதினெட்டுதான் மிஞ்சியிருக்கிறது. புதுக் கயிற்றில் கோர்த்துக்கொண்டாள். இரும்பு வில்லைகள் இப்போது பெட்டியிலேயே இருக்கின்றன.