செம்மண் ஓடையில் ஒரு பகல்

குருசுக்குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கே நடப்பதென்றால் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மணலில் நடப்பது என்று பொருள். இன்று அங்கே மணல் இல்லை. கொட்டிவைத்த கருங்கற்கள்தாம் உண்டு. படகுகள் கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே மாசி மாதத்து விடியற்காலையில் நாம் புறப்பட்டபோது முதல் அரை மணி நேரம் தெருவழியாகவே போக நேர்ந்தது. நாம் என்று எழுதுவது எழுத்து மரபு. நடந்தது ஓர் ஆள்தான். உடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் இருவரும் முதல்நாள் இரவே பின்வாங்கிவிட்டார்கள்.

போக நினைத்த இடம் பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே உள்ள செம்மண் பள்ளம். ஆரோவில் மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பை மழைநீர் அறுத்து உண்டாக்கிய, சிவந்த சுவர்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் ஓடை அது. ஆண்டின் பெரும்பகுதி அதில் நீர் கிடையாது. புகைப்படம் எடுப்போர் கூட்டம் அண்மை ஆண்டுகளில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறை பார்த்தபோது, இது கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படியே கிடக்கிறது என்று ஒரு சிறு பத்திரிகையில் எழுதியிருந்தோம். அது பிழை. அந்தப் பிழையைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குருசு என்பது சிலுவையைக் குறிக்கும் போர்த்துகேசிய வழிச் சொல். அடுத்துள்ள வைத்திக்குப்பத்தில் மாசிமகத்துக்குப் பந்தற்கால்கள் நட்டிருந்தார்கள். மயிலம் முருகனும், செஞ்சியை அடுத்த சிங்கவரத்து அரங்கநாதரும், தீவனூர்ப் பிள்ளையாரும் நெடுந்தொலைவு பயணம் செய்து தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கடற்கரை இது. உள்நாட்டு மலைகளிலிருந்து கடலுக்கு இறங்கிவரும் ஒரு பழைய பாதையின் முடிவில்தான் நாம் தொடங்குகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மழைநீர் இறங்கும் திசையும் அதுவே.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு இந்தியா முடிந்து மற்றோர் இந்தியா தொடங்கியது. இன்று பெயர்ப்பலகைதான் எல்லை. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி. சாவடி என்ற பெயரே வழிநடைக்காரர்கள் தங்கிச் சென்ற காலத்துக்குச் சாட்சி. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்து செல்பவனை ஆட்டோக்காரர்கள் இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

பொம்மையார்பாளையத்துக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. பொம்மபுர ஆதீனத்தின் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாகக் கொண்ட துறைமங்கலம் சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர். 'நன்னெறி' வெண்பாக்களை அவர் கடற்கரை மணலில் விரலால் எழுத, மாணவர்கள் பார்த்துப் படியெடுத்தார்கள் என்று செவிவழிச் செய்தி உண்டு. முப்பத்திரண்டு வயதிலேயே புதுச்சேரிக்கு அருகில் நல்லாத்தூரில் அவர் மறைந்தார். அவர் எழுதியதாகச் சொல்லப்படும் மணலில் பெரும்பகுதியும் இப்போது கடலுக்குள். அதன் கதையைப் பிறகு சொல்கிறோம்.

நிற்க. சாலையை விட்டு மேற்கே திரும்பி, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். முதலில் ஒரு வாய்க்கால்போல் இருந்தது, கணுக்காலளவு. பிறகு இடுப்பளவு. ஒரு வளைவு திரும்பியதும் இருபுறமும் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர் எழுந்துவிட்டது. மேலே வானம் ஒரு வேட்டிக்கரை அகலம்தான். சுவரில் மேல்பகுதி இரத்தச் சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த களிமண். அடியில் கூழாங்கல் வரிசை. கடலோசை அங்கே கேட்பதில்லை. மைனாக்களின் பேச்சும், எங்கோ மேலிருந்து மணல் பொலபொலவென உதிரும் ஓசையும் மட்டும்தான். தனியாக வந்தது நல்லதாயிற்று என்று அப்போது தோன்றியது.

இந்தக் கூழாங்கற்களை நிலவியலார் கடலூர் மணற்கல் என்ற தொகுதியில் சேர்க்கிறார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடப்பதும் இத்தொகுதியில்தான். சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களும் இதைச் சேர்ந்தவை. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று கணிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை ஐரோப்பாவுக்கு முதலில் அறிவித்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா. 1940 முதல் அவ்விடம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அம்மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை, பட்டையும் இல்லை. நின்ற இடத்தில் கல்லானவை அல்ல. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்தவை. அப்படியானால் நாம் நடந்துகொண்டிருந்தது மறைந்துபோன ஒரு பேராற்றின் மணற்படுகைக்குள். ஊர்க்கதை வேறு: திருவக்கரைக் கல்மரங்கள் கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகளாம். சொன்னராவுக்கு முன்பே எவரோ அவற்றைப் பார்த்து வியந்து விளக்கம் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு அக்கதையே போதும்.

கல் பழையது. ஆனால் பள்ளம்? இங்கேதான் நாம் முன்பு வழுக்கி விழுந்தோம்.

நண்பகலில் பள்ளத்தின் தலைமாட்டுக்கு ஏறியபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். "தம்பி, ஒண்டியாவா வந்தே? ஓரத்துல நிக்காத, அடியில பொக்கையா இருக்கும்" என்றார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது, ஆயா, என்று கேட்டோம். "நான் வாக்கப்பட்டு வரச்சே இம்மாம் பெருசு இல்ல. அதோ அந்த முந்திரி நிக்குது பாரு, அதுக்கு இந்தாண்ட எங்க மாமியா மல்லாட்டை போடுவாங்க." அவர் கைகாட்டிய இடத்தில் நிலம் இல்லை, காற்றுதான் இருந்தது. முந்திரி மரத்தின் வேர்கள் பாதி வெளியே தொங்கின.

பெரிய சாட்சியம் இது. ஒரு மாமியாரின் கடலைக் கொல்லை காணாமற்போக ஒரு மருமகளின் வாழ்நாள் போதுமானதாக இருந்திருக்கிறது. இத்தகைய பள்ளங்கள் தலைப்பக்கமாக வளர்பவை. மேட்டிலிருந்து ஓடிவரும் நீர் விளிம்பில் அருவிபோல் விழுந்து அடிமண்ணைக் குடைகிறது. மேலே உள்ளது இடிந்து விழுகிறது. விளிம்பு சில அடி பின்வாங்குகிறது. அடுத்த மழையில் மீண்டும் அதுவே. மரமும் சருகும் இருந்தால் மழைத்துளி நேராக மண்ணில் அறையாது. வெறுந்தரையில் அறைந்து, மேல்மண்ணை இறுக்கி, நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் செய்துவிடும். ஆண்டின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களில் கொட்டிவிடும் ஊர் இது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த ஓர் இரவில் இந்தச் சுவர்கள் எவ்வளவு இழந்திருக்கும்!

அப்படியானால் மரங்கள் எங்கே போயின? இந்நிலத்துக்கு உரியது தாழ்ந்தடர்ந்த, இலையுதிராத கடலோரக் காடு. அதன் மிச்சத்தைக் காலாப்பட்டுக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இன்றும் பார்க்கலாம். ஐயனார் காவல் காத்த இடத்தில் மட்டும் காடு தப்பியிருக்கிறது. மற்ற இடங்களில் அழிந்ததற்கு ஒற்றைக் காரணம் சொல்பவரை நாம் நம்புவதில்லை. உழவு உண்டு, ஆடு மாடு உண்டு. ஆனால் நகரத்தின் பங்கை மறக்கக் கூடாது. 1761 ஜனவரியில் சரணடைந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் திரும்பிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை மறுபடி எழுப்பினார்கள். 1778இலும் 1793இலும் மீண்டும் முற்றுகைகள். நகரம் என்றால் செங்கல். செங்கல் என்றால் சூளை. சூளை என்றால் விறகு. சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுடவும் விறகு. விறகு வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? நடந்தே இரண்டு மணி நேரத்தில் எட்டும் மேட்டை விட்டுவிட்டுப் போயிருக்குமா? இது நம் ஊகம்தான், ஆவணம் அல்ல. எனினும் வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தச் சூளைகள் நினைவுக்கு வருகின்றன.

ஊரார் சொல்லும் காரணம் வேறு. மேட்டின் வடபுறத்தில் இரும்பை இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளம். அங்கே கடுவெளிச் சித்தர் தவமிருந்தார், நாட்டில் வறட்சி, அரசன் ஏவிய ஆடல்மகள் அவர் தவத்தைக் கலைத்தாள். பின்பு கோயில் விழாவில் அவள் காற்சிலம்பு கழல, சித்தரே எடுத்து அணிவித்தார். கூட்டம் சிரித்தது. சித்தர் சினந்து பாட, இலிங்கம் வெடித்துச் சிதறியது. துண்டுகள் விழுந்த இடமெல்லாம் பாலையாயிற்று. தோண்டியைக் கூத்தாடிப் போட்டுடைத்த ஆண்டியைப் பாடியவரும் இவரே என்பர்.

சம்பந்தர் பாட்டில் சோலைகள் வருவதைக் கொண்டு இங்கே காடு இருந்தது என வாதிடுவோர் உண்டு. அவர் பாடிய ஊர்களில் சோலையில்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதைச் சான்றாக ஏற்க இயலாது. சித்தர் கதை அப்படியன்று. வறண்ட நிலம் எப்போதும் வறண்டே இருந்திருந்தால் அதற்குச் சாபம் தேவைப்பட்டிராது. முன்பு வேறாக இருந்தது, ஏதோ ஒரு தவறுக்குப் பின் இப்படி ஆயிற்று என்ற நினைவு மக்களிடம் இருந்ததால்தான் கதை பிறந்திருக்கிறது. தவறு செய்தவர்கள் சிரித்த கூட்டத்தார். அதாவது ஊரார் அனைவரும். கோடரியைப் பற்றிக் கதை பேசவில்லை. ஆனால் பழியை வெளியூர்க்காரன்மேல் போடவும் இல்லை.

1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது மேடு பெரும்பாலும் பொட்டல். வந்தவர்கள் நகரம் கட்டுவதற்கு முன் மண்கரை கட்ட வேண்டியிருந்தது. மழைநீர் சிவந்து ஓடிக் கடலையே நிறம் மாற்றிய காட்சியை அக்காலத்தவர் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் வரப்புகள் எழுப்பி, ஓடைகளைக் குறுக்கே அடைத்து, பல லட்சம் மரங்கள் நட்டார்கள். இப்போது அங்கே பள்ளங்கள் பல தூர்ந்து புதர் மூடிவிட்டன. அதாவது அந்தப் பணி முழுமையாக வெற்றி பெற்றால் நாம் காண வந்த இந்த அழகு இராது. மூதாட்டியின் கொல்லையைப் பற்றிக் கேட்ட பிறகு அதற்காக வருந்தவும் தோன்றவில்லை.

கரைந்த மண்ணில் ஒரு பங்கு கடலோரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் கரையில் மணல் இல்லையே என்று கேட்கலாம். இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புகள் எழுந்தபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. நகரக் கடற்கரை முதலில் போயிற்று, கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பத்துக்கு நகர்ந்தது, அங்கும் கல். பிறகு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் போராடுவது இங்கே வாடிக்கை. ஒரு குப்பத்துக்கு அது கிடைத்தால் அதன் வடக்கே உள்ள குப்பம் கவலைப்படத் தொடங்குகிறது.

மாலையில் திரும்பும்போது பேருந்தில்தான் வந்தோம், கால்கள் மறுத்துவிட்டன. குருசுக்குப்பத்தில் இறங்கிக் கற்களின்மேல் அமர்ந்து செருப்பைத் தட்டினோம். ஒரு கைப்பிடிச் செம்மண் இருந்தது.

போக விரும்பும் அன்பர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்க்கவும். தை, மாசி நல்லது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே நிழல் உண்டு, நீர் இல்லை. சுவரில் பெயர் செதுக்க வேண்டாம். ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருக்கின்றன. ஆடு மேய்ப்போரைக் கண்டால் வழி கேளுங்கள், விளிம்பில் நிற்காதீர்கள்.