மூன்று கம்பிகளின் கதை



"எங்கட வீட்டில கரண்ட் இல்லை, முன்வீட்டில லைட் எரியுது, ஏன் சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேண்டும்.

போர்க்கால வன்னியை நினைத்துப் பாருங்கள். மின்கட்டமைப்பு அறுந்து கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த டைனமோ தருவது ஆடலோட்டம். உள்ளே காந்தம் சுழல, மின்னோட்டம் முன்னும் பின்னும் திசை மாறும். மெல்லச் சுற்றினால் பல்ப் விட்டு விட்டு மினுங்கும். இன்று வீட்டுக்கு வரும் கரண்டும் இதே இனம்தான், செக்கனுக்கு 50 சுற்று. வேகம் கூட என்பதால் மினுக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஒவ்வொரு திசைமாற்றத்திலும் வலு ஒரு கணம் பூச்சியமாகிறது. பல்புக்கு அது பரவாயில்லை, பெரிய மோட்டாருக்குக் குறை. உரலில் ஒருவர் மட்டும் நெல் இடித்தால் உலக்கை தூக்கும் நேரம் வீண். மூவர் முறை வைத்து இடித்தால் இடி ஓயாது. மூன்று பேஸ் என்பது அதுதான்: ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சம இடைவெளியில் வரும் மூன்று ஆடலோட்டங்கள்.

1888இல் இத்தாலியின் பெராரிசும் அமெரிக்காவில் டெஸ்லாவும் சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாரை வெளியுலகுக்குத் தந்தார்கள். தொலைதூரத்துக்கு இது உதவும் என்று 1891இல் ஜெர்மனி காட்டியது. லவுபன் ஊர் ஆற்று நீரில் பிறந்த மின்சாரம், மூன்று கம்பிகளில் 175 கிலோமீற்றர் கடந்து பிராங்பேர்ட் கண்காட்சியில் பல்புகளை ஏற்றியது, ஒரு செயற்கை நீர்வீழ்ச்சியையும் ஓடவைத்தது. நம் நாட்டில் நீர்மின்சாரத்துக்காக 1918இலேயே வாதாடியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்ஷபான 1950இல்தான் இயங்கியது.

போருக்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை 132,000 வோல்ற் மின்வழி மீண்டும் அமைந்தது. சுன்னாகத்து டீசல் இயந்திரமும் மலைநாட்டுச் சுழலியும் ஒரே கட்டமைப்பில் ஓட வேண்டுமானால், வோல்ற்றளவு, வேகம், பேஸ் வரிசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தாளம் தப்பினால் இயந்திரமே உடையும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ட்ரான்ஸ்போமரிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. சாதாரண வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் மட்டும். ஒரு பேஸின் பியூஸ் போனால் அந்தப் பேஸில் உள்ள வீடுகள்தான் இருளும்.

சில விடயங்களை மறக்க வேண்டாம்:

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ற். இரண்டு பேஸுக்கு இடையே 400. தெருவில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளில் வோல்ற்றளவு 230ஐத் தாண்டி ஏறி, பிரிட்ஜும் டிவியும் எரியலாம். பல்ப் திடீரென்று அதிகமாகப் பிரகாசித்தால் உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

ஆலையின் மூன்று பேஸ் மோட்டார் திருத்திய பின் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. தகுதியான மின்னியலாளரே மாற்றட்டும்.

இருட்டாகிவிட்டது என்று பக்கத்துப் பேஸிலிருந்து களவாக வயர் இழுக்காதீர்கள். திருத்த வருபவர் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கை வைப்பார். நமது ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு அவரது உயிர் விலையாகக் கூடாது.