துண்டுத் தோலில் ஒரு மகுடம்

வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தைப் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் தலையில் மின்னும் கிரீடம் பொன்னால் ஆனதன்று. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்தது. தலையணிக்கு வேண்டியது விலையுயர்ந்த பொருளன்று; எடைக் குறைவும், கொடுத்த வடிவத்தை விடாத தன்மையுமே. அதே வட்டாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோலை வெட்டிய பின் எஞ்சும் துண்டுகளுக்கு இவ்விரு தன்மைகளும் உண்டா? விடை, தோல் பதனிட்ட முறையைப் பொறுத்தது.

இளவரசனின் சிங்கம்

தோலால் தலையணி செய்வது புதிதன்று. 'கருப்பு இளவரசன்' எனப்பட்ட இங்கிலாந்தின் எட்வர்டு 1376இல் இறந்தான். அவனுடைய தலைக்கவசம் கேன்டர்பரி தேவாலயத்தில் இன்றும் உள்ளது. கவசம் இரும்பு; ஆனால் அதன் உச்சியில் நின்ற சிங்க உருவம் தோலாலும் துணியாலும் அமைத்து, மேலே சாந்து பூசிப் பொன்முலாம் இட்டது. அறுநூறு ஆண்டுகளைக் கடந்தும் அது உருக்குலையவில்லை.

ஆவாரம்பட்டையின் ஆற்றல்

தோலின் அடிப்படை கொலாஜன் என்னும் புரத இழை. ஆவாரம்பட்டையிலுள்ள டானின் இவ்விழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்கிறது. நீரில் நனைந்தால் இப்பிணைப்புகள் தளர்ந்து இழைகள் நகர்கின்றன. உலர்ந்தால் புதிய இடத்திலேயே மீண்டும் இறுகுகின்றன. எனவே ஈரத் தோலை மரக்கட்டையின் மீது இழுத்துக் கட்டி, மெல்ல உலர்த்தினால், கட்டையின் வடிவம் தோலில் நிலைத்துவிடும். நீராவியால் இளக்கிக் கட்டையில் ஏற்றும் கம்பளித் தொப்பியும் ஏறக்குறைய இவ்வாறே உருப்பெறுகிறது.

இத்தகைய ஆவாரம்பட்டைத் தோலே ஒரு காலத்தில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் சென்னையிலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது.

குரோமியம் வந்தது

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியப் பதனீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். 1970களில் அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. வேலூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் குரோமியம் பரவியது. பல வாரப் பணி சில நாள்களில் முடிந்தது, தோலும் மென்மையாயிற்று.

ஆனால் குரோமியம் இழைகளை மிக வலிமையாகப் பிணைக்கிறது. நீர் அதைத் தளர்த்துவதில்லை. வளைத்துக் கட்டினாலும் தோல் மீண்டும் தொய்ந்துவிடும். காலணியின் மேற்பகுதிக்குச் சிறப்பான இக்குணம், மகுடத்துக்குக் குறையாகிறது.

நீங்களே சோதிக்கலாம்

கையில் கிடைத்த தோல் எவ்வகை? பெரியவர் ஒருவரின் துணையுடன், சிறு துண்டு ஒன்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இடுங்கள். சுருங்கி விறைத்தால் தாவரப் பதனீடு. நன்கு பதனிட்ட குரோமியத் தோல் பெரும்பாலும் உருமாறாது. முதல் வகையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கவிழ்த்த சட்டியின் மேல் இழுத்துக் கட்டி நிழலில் உலர்த்துங்கள். இதழ், இறகு போன்ற உறுப்புகளைத் தனித்தனியே வளைத்து உலர்த்தித் தைத்துச் சேர்க்கலாம். இரண்டாம் வகையை வளைக்க முயலாமல், அட்டைச் சட்டத்தின்மேல் ஒட்டும் மேற்போர்வையாகக் கொள்ளுங்கள். அதை எரிக்க மட்டும் கூடாது. வெப்பத்தில் குரோமியம் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிற வடிவாக மாறக்கூடும்.

எஞ்சியது எங்கே போகிறது?

ஒரு டன் கச்சாத் தோலில் ஏறக்குறைய 200 கிலோ மட்டுமே பதனிட்ட தோலாகிறது. மற்றவை கழிவுகள். இவ்வட்டாரத்துப் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவுநீர் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. குரோமியத் தோலின் சீவல்களை அரைத்து, பிசினுடன் அழுத்தி அட்டையாக்கிக் காலணிகளின் உள்தளத்துக்குப் பயன்படுத்தும் வழியும் உண்டு.

ஒரு மகுடத்தால் ஆறு தூய்மையாகிவிடாது. ஆயினும் எஞ்சும் துண்டு அணியாகுமா, நஞ்சாகுமா என்பது வெட்டும் மேசையில் முடிவாவதில்லை; அதற்கு வெகு முன்பே, பதனிடும் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது. கழிவைப் பற்றிய சிந்தனையும் அத்தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும்.