மதுவிலக்கு: மதீனமும் சேலமும்

மதுவை ஒழிக்கச் சட்டம் ஒன்றே போதும் என்பர் ஒரு சாரார். சட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றையும் வரலாற்றில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

அன்றைய அரபியர்க்கு மது விருந்தின் அழகு, வணிகத்தின் சரக்கு. திருமறை அதனை ஒரே நாளில் விலக்கவில்லை. மதுவில் பயனைக் காட்டிலும் பாவமே பெரிது என அல்பகரா அத்தியாயம் சிந்தையைத் தூண்டிற்று. போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என அந்நிஸா அத்தியாயம் பணித்தது. ஐவேளை தொழுவோர்க்குக் குடிக்கும் பொழுது தானே குறுகிற்று. அதன் பின்னரே அல்மாயிதாவில் முழுத் தடை வந்தது. தொடக்கத்திலேயே தடை இறங்கியிருப்பின் மக்கள் மறுத்திருப்பர் என்னும் கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மொழிந்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

விளைவு யாது? அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்ச மதுவைப் பரிமாறிக் கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள், அறிவிப்பு வந்ததும் அதனை வெளியே கொட்டினார்கள். மதீனத்துத் தெருக்களில் மது ஓடிற்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சுரைக்குடுக்கை, மெருகிட்ட சாடி, குடைந்த ஈச்சமரத் துண்டு, கீல் பூசிய கலம் ஆகியவற்றில் பானம் ஊறவைத்தலை அப்துல் கைஸ் தூதுக்குழுவினர்க்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர் அக்கலங்களை அனுமதித்து, போதை தருவதை மட்டும் ஹராமாகவே நிறுத்தினார்கள். பழக்கம் வேரோடியிருந்த காலத்தில் வேலி வேண்டியிருந்தது. உள்ளம் மாறியபின் வேலி தளர்ந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மட்டும் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அதன் பொருளியல் விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்தார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. ஒரு மாவட்டத்தில் சோதித்து, அளந்து, விரித்த முறை போற்றத்தக்கதே. எனினும் அவ்வாண்டே அமைச்சரவை விலகிற்று. போர்க்காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948இல் மாகாணம் முழுவதும் வந்த தடையும் 1971இல் தளர்த்தப்பட்டது. மதுவிலக்கிற்காகப் பிறந்த வரி நீடு வாழ்ந்தது, மதுவிலக்கு வாழவில்லை.

சேலத்தில் அளவுகோல் இருந்தது. மதீனத்தில் உள்ளமும் ஆயத்தமாயிருந்தது. நம் மஹல்லாக்களிலோ தீர்மானம் இயற்றியதும் கலைந்துவிடுகிறோம். ஓராண்டு சென்றபின், எத்தனை இல்லங்களில் கூலிப்பணம் அடுப்படி வந்து சேர்ந்தது, எத்தனை இளைஞர் மீண்டனர் என்று எண்ணிப் பார்த்தோமா? எண்ணாத ஜமாஅத் குடிகாரரை ஏசலாம்; திருத்த இயலாது.