ஐந்தடி பத்து அங்குல பயம்

நம்ம ஊர்ல ஒரு பொண்ணு பன்னிரண்டு வயசுலயே அம்மாவோட உயரத்தைத் தாண்டிட்டா என்னென்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கிளாஸ்ல கடைசி பெஞ்ச். குரூப் போட்டோவுல கடைசி வரிசை. பஸ்ல அரை டிக்கெட் கேட்டா கண்டக்டர் முறைப்பார். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனா, யாராவது ஒரு அத்தை அம்மாவைத் தனியா கூப்பிட்டு, "இப்பவே இவ்ளோ வளர்த்தியா இருக்காளே, மாப்பிள்ளைக்கு எங்கடி போவே?"ன்னு ஆரம்பிப்பாங்க. அம்மா ராத்திரி தூங்க மாட்டாங்க. நம்ம ஊர்ல கதை பெரும்பாலும் அத்தோட முடிஞ்சுடும்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் அத்தோட முடியலை. அங்கேயும் அதே அத்தை, அதே கல்யாணக் கவலைதான். ஆனா அந்த அம்மாக்களுக்குப் போய்ச் சேர ஒரு டாக்டர் இருந்தார். அவர் கையில ஒரு மாத்திரை இருந்துச்சு. எந்த நோயும் இல்லாத, நல்லா வளர்ந்துக்கிட்டிருந்த பொண்ணுங்களோட வளர்ச்சியை நிறுத்துறதுக்கான மாத்திரை. 1950களில் ஆரம்பிச்சு நாற்பது வருஷத்துக்கு மேல ஓடின கதை இது. நான் படிச்ச வரைக்கும் தமிழில் இதைப் பத்தி யாரும் பெருசா எழுதலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். அசாதாரண உயரம்னாலே நிறைய பேருக்கு ராபர்ட் வாட்லோ ஞாபகம் வரும். 1918-ல அமெரிக்காவின் ஆல்டன் ஊர்ல பிறந்தவர். அஞ்சு வயசுலயே 163 செ.மீ., அதாவது அஞ்சடி நாலு அங்குலம். சாகும்போது 272 செ.மீ. பையன் காலை நீட்டி உட்காரணும்னு அவங்கப்பா காரோட முன் சீட்டையே கழட்டி எடுத்துட்டார். 1940-ல, கால் ஊன்றுகோல் பட்டை உரசி வந்த கொப்புளத்துல கிருமி தொற்றி, 22 வயசுல இறந்துபோனார். ஆனா வாட்லோவுக்கு இருந்தது வியாதி. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைக் கணக்கில்லாம சுரந்துக்கிட்டே இருந்துச்சு. நான் சொல்லப்போற பொண்ணுங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அப்பா உயரம், அம்மா உயரம், பொண்ணும் உயரம். அவ்வளவுதான்.

சரி, மாத்திரை எப்படி வேலை செய்யும்? நம்ம நீள எலும்புகளோட முனைகளுக்குப் பக்கத்துல குருத்தெலும்பால ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கு. உயரம் கூடுறதெல்லாம் அங்கதான். பருவமடைந்த பிறகு அந்தத் தட்டு கொஞ்சம் கொஞ்சமா எலும்பா மாறி மூடிக்கும். மூடினா கதை முடிஞ்சுது, அப்புறம் காம்ப்ளான் குடிச்சாலும் கம்பியில தொங்கினாலும் வளர மாட்டோம் :-) மூடச் சொல்லி உத்தரவு போடுறது ஈஸ்ட்ரோஜன். "வயசுக்கு வந்துட்டா வளர்த்தி நின்னுடும்"னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க இல்லையா, அது கிட்டத்தட்ட சரிதான். அதுக்கப்புறம் சராசரியா ஒரு அஞ்சு, ஏழு சென்டிமீட்டர்தான் கூடும்.

ஆம்பளைங்களுக்கும் இதே ஈஸ்ட்ரோஜன்தான்கிறது ஆச்சரியமான விஷயம். 1994-ல அமெரிக்காவில் ஒருத்தரைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதினாங்க. வயசு 28, உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துக்கிட்டே இருந்தார். எக்ஸ்ரேயில பார்த்தா எலும்புக்கு வயசு 15! ஒரு மரபணுப் பிழையால ஈஸ்ட்ரோஜனை அவர் உடம்பால உணரவே முடியலை. உத்தரவு வந்துக்கிட்டே இருக்கு, வாங்கிக்கத்தான் ஆள் இல்லை.

உத்தரவை முன்கூட்டியே கொடுத்துட்டா? இதுதான் அந்த டாக்டர்களோட ஐடியா. மாக்ஸ் கோல்ட்ஸீஹர் என்கிற அமெரிக்க டாக்டர் 1956-ல, உயரமான பொண்ணுங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து வளர்ச்சியைக் குறைச்சதைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் 1959 வாக்கில் இது ஆரம்பமாச்சு. மெல்பர்ன்ல நார்மன் வெட்டன்ஹால் என்கிற குழந்தைகள் டாக்டர் இதுல முக்கியமானவர். பதினஞ்சு வருஷ அனுபவத்தை 1975-ல அவரும் சக டாக்டர்களும் கட்டுரையா எழுதினாங்க.

அப்ப "அதிக உயரம்"னா எவ்வளவு? வளர்ந்து முடிக்கும்போது ஏறத்தாழ 177 செ.மீ.க்கு மேல போவான்னு கணிச்சா சிகிச்சைக்குத் தகுதி. அஞ்சடி பத்து அங்குலம். ஆறடி கூட இல்லைங்க!

ஏன் இந்த பயம்? கல்யாணம் முதல் காரணம்னு சொல்லத் தேவையில்லை. வேலையும் ஒரு காரணம். 1930-ல அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்களை எடுத்தப்ப அஞ்சடி நாலு அங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. பிறகு தளர்த்தினாலும் உயர உச்சவரம்பு ரொம்ப வருஷம் இருந்துச்சு. பாலே நடனத்துல பொண்ணு ஆம்பளையை விட உயரமா நிக்க முடியாது. மகளைக் கூட்டிட்டுப் போன அம்மாக்கள் பலர் தாங்களே உயரமானவங்க. பள்ளிக்கூடத்துல பட்ட கிண்டல், டான்ஸுக்கு யாரும் கூப்பிடாம சுவரோரமா நின்ன சாயந்திரங்கள், எல்லாம் ஞாபகம் இருக்கிறவங்க. நான் பட்டது என் பொண்ணு படக்கூடாதுன்னு நினைச்ச அம்மாக்கள். இதுல வில்லன்னு யாரையும் கை காட்ட முடியலை.

மருந்து ரெண்டு வகை. ஒண்ணு டி.இ.எஸ்.; 1938-ல இங்கிலாந்துல சார்ல்ஸ் டாட்ஸ் குழு தயாரிச்ச செயற்கை ஈஸ்ட்ரோஜன். (இதே டி.இ.எஸ்.ஸைத்தான் அமெரிக்காவில் மாடு சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்துல கலந்தாங்க, 1979-ல தடை பண்ற வரைக்கும். மாட்டைப் பெருக்கவும் அதுவே, பொண்ணைக் குறுக்கவும் அதுவே.) கர்ப்ப காலத்துல இதைச் சாப்பிட்ட அம்மாக்களோட மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வர்றது 1971-ல தெரிஞ்சப்ப, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதீங்கன்னு அமெரிக்க அரசு எச்சரிச்சுது. இன்னொரு மருந்து எத்தினைல் ஈஸ்ட்ராடியால், கருத்தடை மாத்திரையில இருக்குமே, அது. இந்தப் பொண்ணுங்களுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். இன்னிக்கு வழக்கமான கருத்தடை மாத்திரையில 20-லிருந்து 35 தான். அதாவது நாலுலேர்ந்து ஏழு மடங்கு, பன்னிரண்டு பதிமூணு வயசுப் பொண்ணுக்கு, தினமும், ரெண்டு வருஷம் போல. குமட்டல், எடை ஏறுறது, தலைவலி, ராத்திரி கால் பிடிச்சு இழுக்கிறது, மாதவிடாய்த் தொல்லை எல்லாம் கூடவே வந்துச்சு.

இவ்வளவும் எத்தனை சென்டிமீட்டருக்கு? ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசப்படுது. ரெண்டிலிருந்து பத்து செ.மீ. வரைக்கும் குறைஞ்சதா சொல்றாங்க. ஆனா எதுலேர்ந்து குறைஞ்சது? இங்கதான் எனக்கு ஒரு இன்ஜினியரா உறுத்துது. "இந்தப் பொண்ணு 182 வரைக்கும் போவா"ன்னு ஒரு கணிப்பு. இடது கையை எக்ஸ்ரே எடுத்து, 1950-ல வந்த க்ரூலிக்-பைல் படத்தொகுப்போட ஒப்பிட்டு எலும்பின் வயசைக் கண்டுபிடிப்பாங்க. அப்புறம் 1952-ல பெய்லி, பின்னோ ரெண்டு பேரும் போட்ட அட்டவணையைப் பார்த்து கடைசி உயரத்தைச் சொல்வாங்க. கடைசியில பொண்ணு 178-ல நின்னா, மாத்திரை நாலு சென்டிமீட்டரைக் காப்பாத்திடுச்சுன்னு கணக்கு. கணிப்பே சில சென்டிமீட்டர் முன்ன பின்ன இருக்கலாம்! பிராஜெக்ட்டுக்கு எட்டு மாசம்னு எஸ்டிமேட் போட்டு ஏழு மாசத்துல முடிச்சுட்டு, ஒரு மாசம் மிச்சம் பிடிச்சதா பவர்பாயின்ட்ல காட்டுற மேனேஜர் நமக்குப் புதுசா என்ன. மருந்து வேலையே செய்யலைன்னு நான் சொல்லலை. தட்டு மூடுறது நிஜம். ஒரு தனிப்பட்ட பொண்ணுக்கு எவ்வளவு குறைஞ்சுதுன்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாதுங்கிறேன், அவ்வளவுதான்.

பசங்களுக்கும் இதே மாதிரி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருக்காங்க. எண்ணிக்கை கம்மி. பையன் உயரமா இருந்தா பாஸ்கெட்பால் ஆடட்டும்னு விட்டுடுவாங்க போல.

இனி முக்கியமான கட்டம். அந்தப் பொண்ணுங்க வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தைக்குக் காத்திருந்தாங்க. சில பேருக்கு வருஷக்கணக்கா நிக்கலை. சின்ன வயசுல சாப்பிட்ட மாத்திரைதான் காரணமோன்னு ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட பெண்கள் ஒண்ணு சேர்ந்து கேட்க ஆரம்பிச்சாங்க. பதில் சொல்ல யார்கிட்டயும் போதுமான தகவல் இல்லை. நாற்பது வருஷம் மருந்து கொடுத்திருக்காங்க, பின்னாடி என்ன ஆச்சுன்னு முறையா திரும்பிப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி.

கடைசியில அலிசன் வென் தலைமையில ஒரு குழு அந்த வேலையை எடுத்துச்சு. 1959-லிருந்து 1993 வரைக்கும், உயரத்துக்காக டாக்டர்கிட்ட வந்த பொண்ணுங்களோட பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொருத்தரையும் கண்டுபிடிச்சாங்க. இதுல ஒரு அழகான விஷயம்: எல்லாருமே உயரமான பொண்ணுங்க, எல்லாருமே டாக்டர்கிட்ட போனவங்க, சில பேர் மாத்திரை சாப்பிட்டாங்க, சில பேர் சாப்பிடலை. ஒப்பிட்டுப் பார்க்க இதை விட என்ன வேணும்? சாப்பிட்ட 371 பேர், சாப்பிடாத 409 பேர். முடிவு 2004-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் கரு உண்டாகாத நிலை, சாப்பிட்டவங்ககிட்ட ஏறத்தாழ 1.8 மடங்கு. கருத்தரிப்பு மருந்து எடுத்தவங்க ரெண்டு மடங்கு. எந்த ஒரு மாதச் சுழற்சியிலும் கரு உண்டாகிற வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவு. நிறைய பேருக்குக் குழந்தை பிறந்திருக்கு, அதையும் சொல்லணும். தாமதமாச்சு, கஷ்டப்பட்டாங்க, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. பிற்பாடு நெதர்லாந்துல செஞ்ச ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுச்சு.

கல்யாணம் ஆகணும், குடும்பம் குட்டின்னு நல்லா இருக்கணும்னு கொடுத்த மாத்திரை!

ஆனா என்னை அதிகமா நிறுத்தினது அதே குழுவைச் சேர்ந்தவங்க 2005-ல போட்ட இன்னொரு கட்டுரை. அந்தப் பெண்கள்கிட்ட நேரா ஒரு கேள்வி: அன்னிக்கு எடுத்த முடிவு பத்தி இப்ப என்ன நினைக்கிறீங்க? சாப்பிட்டவங்கள்ல 42.1 சதவீதம் பேருக்கு அதிருப்தி. சாப்பிடாம விட்டவங்கள்ல 99.1 சதவீதம் பேர், நல்லவேளை சாப்பிடலைன்னு சொன்னாங்க. எவ்வளவு உயரமா வளர்ந்திருந்தாலும் சரி. அம்மாக்களைத் தூங்க விடாம பண்ணின அந்த எதிர்காலத்துலதான் இவங்க வாழ்ந்துக்கிட்டிருந்தாங்க, போய்ப் பார்த்தா அங்க பயப்பட ஒண்ணும் இல்லை.

அதிருப்திக்கான காரணங்கள்லயும் பக்கவிளைவு மட்டும் இல்லை. முடிவெடுக்கும்போது தன்னை யாரும் கேட்கலைங்கிறது ஒரு பெரிய காரணம். டாக்டர் முன்னாடி நின்னு அளவெடுத்தது, எக்ஸ்ரே, உடம்பைப் பரிசோதிச்சது, இதெல்லாம் அந்த வயசுல எவ்வளவு கூச்சமா இருந்துச்சுங்கிறது இன்னொண்ணு. பன்னிரண்டு வயசுல உன் உடம்புல ஏதோ கோளாறுன்னு ஒரு ஆஸ்பத்திரியே கூடி நின்னு சொன்னா, அப்புறம் அது எப்படி மறக்கும்? பெத்தவங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, உன் நல்லதுக்குத்தான்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. உயரமான குழந்தையோட பெரிய கஷ்டமே, அதைப் பார்க்கிறவங்க வயசை மறந்துடுறதுதான். எட்டு வயசுப் பிள்ளைகிட்ட பன்னிரண்டு வயசுப் பொறுப்பை எதிர்பார்ப்போம், "இவ்ளோ பெருசா வளர்ந்துட்டு அழறியே"ம்போம். இங்க நேர் எதிரா நடந்திருக்கு. வீட்டுல எல்லாரையும் விட நெட்டையா வளர்ந்த பொண்ணு, அவகிட்ட கேட்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்துல மட்டும் சின்னக் குழந்தையாயிட்டா.

இப்ப இந்த மாத்திரை பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு. ஐரோப்பாவில் சில இடங்கள்ல முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கிற வளர்ச்சித் தட்டுகளை ஆபரேஷன் பண்ணி மூடுறாங்க. பெரும்பாலான டாக்டர்கள் அப்பா அம்மா உயரத்தைக் கேட்டுட்டு, குழந்தையைப் பரிசோதிச்சுட்டு, ஒண்ணும் இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுறாங்க.

டிஸ்கி: அதுக்காக டாக்டர்கிட்ட போகவே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. திடீர்னு வேகமா வளர்றது, குடும்பத்துல யாருக்கும் இல்லாத உயரம், எட்டு வயசுக்கு முன்னாடியே பருவ மாற்றம், ஓயாத தலைவலி, பார்வைக் குறைவு இதெல்லாம் இருந்தா கண்டிப்பா காட்டணும். வாட்லோ மாதிரி பிட்யூட்டரி பிரச்னை, இதயத்தைப் பாதிக்கிற மார்ஃபான் நோய் எல்லாம் நிஜமாவே இருக்கு.

கொசுறு: 1938-ல லாஸ் ஏஞ்சலஸ்ல டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த கே சம்னர் என்கிற ஓவியர், உயரம் ஆறடி மூணு அங்குலம், தன்னை மாதிரி நெட்டையானவங்களைக் கூட்டி ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. அந்த கிளப்போட பேரு 'டிப் டாப்பர்ஸ்'.